டெல்டா மாவட்ட டிஜேக்களுக்கு: சந்தா இசைச் சேவைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் பயன்படுத்தும் முறையும்

திருமண வரவேற்பு, காதணி விழா, கல்லூரி ஆண்டு விழா, கோயில் திருவிழா என்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரங்களில் டிஜே வேலை செய்பவர்கள் இப்போது அதிகம் கேட்பது, மாதச் சந்தா கட்டிப் பாட்டு எடுக்கும் சேவைகளில் எதை எடுக்கலாம் என்பதைத்தான். ஒரே பெயரைச் சொல்லி இதற்கு விடை தர இயலாது. அந்தச் சேவைகள் எவையும் கும்பகோணத்துத் திருமண மண்டபத்தை மனத்தில் வைத்து உருவானவை அல்ல. அவற்றிடமிருந்து எதைப் பெறலாம், எதை நாமே உட்கார்ந்து தயாரித்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கு தெளிவாக இருந்தால்தான் கட்டுகிற பணம் வேலைக்கு ஆகும். அந்தக் கணக்கைப் போடும் வழியை இங்கே எழுதுகிறேன். அதற்கு முன்னால், இந்தச் சேவைகள் எப்படி வளர்ந்து வந்தன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது அவசியம். இன்று ஒவ்வொரு சேவையிலும் இருக்கும் நிபந்தனைகள் அந்த வளர்ச்சியின் வழியாகவே வந்து சேர்ந்தவை.

சந்தா முறை வளர்ந்த விதம்

1970-களின் நியூயார்க்கில், புதிய பாட்டை மக்களிடம் கொண்டு சேர்ப்பவர்கள் நடன அரங்குகளின் டிஜேக்கள்தான் என்பதை இசைத்தட்டு நிறுவனங்கள் புரிந்துகொண்டிருந்தன. ஆனால் எந்த டிஜேக்கு எந்தத் தட்டை இலவசமாக அனுப்புவது என்பதில் ஒழுங்கு இருக்கவில்லை. டேவிட் மான்குசோ என்பவரும் அவரோடு சேர்ந்த டிஜேக்களும் 1975-இல் ‘ரெக்கார்ட் பூல்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். நிறுவனங்கள் தட்டுகளை மொத்தமாக அங்கே கொடுக்கும். உறுப்பினரான டிஜேக்கள் அவற்றைப் பெற்றுக்கொண்டு, எந்தப் பாட்டுக்குக் கூட்டம் எப்படி ஆடியது என்பதை நிறுவனங்களுக்குத் தெரிவிப்பார்கள். இன்றைய பதிவிறக்கச் சேவைகள் பலவும் ‘பூல்’ என்றே தம்மை அழைத்துக்கொள்வதன் வேர் இதுதான்.

அடுத்த படி, பாட்டை அப்படியே தராமல் டிஜேயின் கைக்கு ஏற்றபடி மாற்றித் தருவது. அமெரிக்காவில் 1977-இல் வந்த ‘டிஸ்கோநெட்’ சந்தாதாரர்களுக்கு மட்டும் சிறப்பு மிக்ஸ் தட்டுகளை அனுப்பியது. பிரிட்டனில், ரேடியோ லக்ஸம்பர்க் வானொலியில் பணியாற்றிய டோனி பிரின்ஸ் 1983-இல் தொடங்கிய ‘டிஸ்கோ மிக்ஸ் கிளப்’, அதாவது டி.எம்.சி., இந்த முறையை ஒரு முழுத் தொழிலாகவே ஆக்கியது. மாதந்தோறும் முதலில் கேசட்டிலும் பிறகு இசைத்தட்டிலும் மிக்ஸ்கள் உறுப்பினர்களின் வீட்டுக்கே வந்தன. அந்தக் கிளப்பின் செய்தி மடலாகப் பிறந்ததுதான் பின்னாளில் புகழ்பெற்ற ‘மிக்ஸ்மேக்’ இதழ். அந்தத் தட்டுகளின் மேல் ‘தொழில்முறை டிஜேக்களுக்கு மட்டும்’ என்ற குறிப்பு இருக்கும். கடையில் விற்பனை கிடையாது. ஒரு கலைஞரின் பல பாடல்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து கோத்த மெகாமிக்ஸ்கள், முன்னும் பின்னும் தாளம் மட்டும் ஓடும்படி நீட்டப்பட்ட ரீமிக்ஸ்கள் ஆகியவையே அவற்றின் உள்ளடக்கம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1990-களில் எல்லாம் சி.டி.க்கு மாறின; 1992-இல் தொடங்கிய ‘ப்ரோமோ ஒன்லி’ போன்றவை மாதாந்தரச் சி.டி.க்களை அனுப்பின. 2004-இல் ‘பீட்போர்ட்’ என்ற இணையக் கடை வந்ததும், நடன இசையைக் கோப்பாக வாங்கும் பழக்கம் பரவியது. பழைய பூல்களும் பதிவிறக்கத் தளங்களாயின. 2019-இல் பீட்போர்ட், டிஜே மென்பொருளுக்குள்ளேயே பாட்டை ஓடவிடும் ஸ்ட்ரீமிங் சந்தாவைத் தொடங்கியது. ஸ்பாட்டிஃபை நிறுவனம் டிஜே செயலிகளுக்குத் தந்திருந்த இணைப்பை 2020 ஜூலை 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. 2025-இல்தான் மீண்டும் சில மென்பொருள்களுக்குள் திரும்பி வந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள், அந்த ஒரு சேவையில் பட்டியல் பட்டியலாகப் பாட்டுச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்குக் கையில் ஒன்றும் இல்லை. ஸ்ட்ரீமிங் சந்தா எடுக்கும் எவரும் இந்த ஒரு நிகழ்வை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் இதற்கு இணையாக இருந்தவை கேசட் காலத்து ரெக்கார்டிங் சென்டர்கள். அறுபது நிமிடம், தொண்ணூறு நிமிடம் என்று வெற்றுக் கேசட்டைக் கொடுத்து, ஒரு தாளில் பாட்டுப் பெயர்களை எழுதிக் கொடுத்தால் மூன்றாம் நாள் பதிந்து தருவார்கள். கல்யாண வீட்டுக்கு ரேடியோ செட் கட்டும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் அங்கேதான் தங்கள் சரக்கைச் சேர்த்தார்கள். எந்தப் பாட்டுக்கு அடுத்து எது வந்தால் பந்தலில் இருப்பவர்கள் எழுந்து போகமாட்டார்கள் என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். அவர் கையிலிருந்த அந்த அறிவு எந்தச் சந்தாவோடும் சேர்ந்து வருவதில்லை.

இன்றைக்கு இருக்கும் வகைகள்

இப்போது கிடைக்கும் சேவைகளை மூன்று வகையாகப் பார்க்கலாம். முதலாவது, டி.எம்.சி. வழியில் வந்த மிக்ஸ் சேவைகள். மாதம் ஒருமுறை, ஏற்கெனவே கோக்கப்பட்ட மெகாமிக்ஸ்களும் தொகுப்புகளும் வரும். பிரிட்டனின் ‘மாஸ்டர்மிக்ஸ்’ இந்த வகையைச் சேர்ந்தது. சாப்பாட்டு நேரத்தில் பின்னணியில் ஓடவிடவும், எண்பதுகளின் ஆங்கிலப் பாடல்கள் கேட்கும் விருந்தினர்களைத் திருப்திப்படுத்தவும் இது உதவும். இரண்டாவது, பதிவிறக்கப் பூல்கள். மாதக் கட்டணம் கட்டினால் கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் நீட்டிய தொடக்கம் உள்ள பதிப்பு, தகாத சொற்கள் நீக்கிய பதிப்பு, பாடல் வரிகள் இல்லாத பதிப்பு என்று பல வடிவங்கள் இருக்கும். மூன்றாவது, டிஜே மென்பொருளுக்குள் ஓடும் ஸ்ட்ரீமிங்.

இவற்றுக்கிடையே உள்ள முக்கியமான வேறுபாடு, சந்தா நின்ற மறுநாள் நம் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான். பூலில் இறக்கிய கோப்பு பொதுவாக நம் கணினியிலேயே இருக்கும். ஸ்ட்ரீமிங்கில் பாட்டு மட்டுமின்றி, அந்தச் சேவைக்குள் அடுக்கி வைத்த பட்டியல்களும் சந்தாவோடு கைவிட்டுப் போகும். தவிர, ஸ்ட்ரீமிங் பாட்டு ஓடும்போது நிகழ்ச்சியைப் பதிவு செய்ய மென்பொருள்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் பதிவைக் கேட்கும் மணமக்கள் நம் ஊரில் உண்டு என்பதால் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எதை எடுப்பது என்று முடிவு செய்யும் முறை

சேவையின் விளம்பரப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. டிஜே மென்பொருள்கள் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஓடிய பாட்டுகளை வரலாற்றுப் பட்டியலாகச் சேமித்து வைக்கின்றன. கடந்த பருவத்தின் பட்டியல்களைத் திறந்து, ஓடிய பாட்டுகளைத் தமிழ்த் திரைப்பாடல், பிறமொழி இந்தியப் பாடல், ஆங்கிலமும் பிறவும் என்று பிரித்துப் பாருங்கள். மன்னார்குடி, பாபநாசம் பக்கத்து வரவேற்புகளையும் காதணி விழாக்களையும் மட்டுமே செய்பவருக்குப் பட்டியலின் பெரும்பகுதி தமிழாகத்தான் இருக்கும். அவருக்கு வெளிநாட்டுப் பூல் சந்தா ஏறத்தாழத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. தமிழ்ப் பாடல்களை இணையக் கடைகளில் தனித்தனியாக வாங்கித் தாமே தயார் செய்துகொள்வதே அவருக்கு நல்லது.

தஞ்சாவூரைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் நிகழ்ச்சி செய்பவரின் நிலை வேறு. இந்தி, பஞ்சாபி, தெலுங்கு, ஆங்கிலம் எல்லாம் ஒரே மாலையில் கேட்கப்படும். அதுவும் அந்த மாதம் வெளியானது கேட்கப்படும். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளிலிருந்து குடும்பத்தோடு ஊருக்கு வந்து திருமணம் நடத்துபவர்களின் வரவேற்புகளும் அப்படித்தான். மணமக்கள் மேடைக்கு வரும்போது ஓர் ஆங்கிலப் பாட்டு, நண்பர்கள் ஆடும்போது மலேசியத் தமிழ்க் கலைஞர்களின் தனிப்பாடல்கள், பெரியவர்களுக்காக எம்.ஜி.ஆர். காலத்துப் பாடல்கள் என்று கேட்பார்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் தொடர்ந்து வருமானால் ஒரு பதிவிறக்கப் பூல் கட்டாயம் பயன்படும். கூடவே ஒரு ஸ்ட்ரீமிங் சந்தாவை, எதிர்பாராத விருப்பப் பாடல்களுக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முடிவு செய்வதற்கு முன் ஒரே ஒரு மாதம் மட்டும் கட்டிப் பாருங்கள். அந்த மாதத்தில், உங்கள் பழைய பட்டியலில் இருக்கும் பிறமொழிப் பாட்டுகளை ஒவ்வொன்றாக அந்தச் சேவையில் தேடுங்கள். பாதிக்குமேல் கிடைக்கவில்லை என்றால், அந்தச் சேவையில் எத்தனை இலட்சம் பாட்டு இருந்தாலும் அது உங்களுக்குரியது அல்ல.

தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூல்கள் பெரும்பாலும் 320 கே.பி.பி.எஸ். (விநாடிக்கு 320 கிலோபிட்) எம்.பி.3 கோப்புகளைத் தருகின்றன. இது நிமிடத்துக்குச் சுமார் 2.4 எம்.பி. பிடிக்கும், ஐந்து நிமிடப் பாட்டுக்கு 12 எம்.பி. என்று வைத்தால், 32 ஜி.பி. பென் டிரைவில் 2,500-க்கும் மேற்பட்ட பாட்டுகள் அடங்கும். ஆகவே இடம் போதாது என்று தரத்தைக் குறைக்க வேண்டிய காரணமே இல்லை. யூடியூபிலிருந்து உருவி எடுத்து 320 என்று மாற்றிச் சேமித்த கோப்பில், இழந்த ஒலி திரும்பி வராது. வீட்டு ஹெட்போனில் தெரியாத அந்தக் குறை, மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கரில் மங்கிய ஜால்ரா ஒலியாகவும் குழம்பிய பாஸ் ஆகவும் வெளிப்பட்டுவிடும்.

நாமே செய்துகொள்ள வேண்டிய தயாரிப்பு

சந்தாவைவிட இந்தப் பகுதிக்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வெளிநாட்டுப் பூலில் வரும் பாட்டு, மிக்ஸ் செய்வதற்குத் தயாராகவே வருகிறது. நம் திரைப்பாடல் அப்படி வருவதில்லை. அது ஒரு ஹம்மிங்கில் தொடங்கும், அல்லது புல்லாங்குழலில் தொடங்கும், அல்லது எடுத்த எடுப்பிலேயே பல்லவி வந்துவிடும். கோத்து எடுப்பதற்கான தாளப் பகுதி முன்னால் இருக்காது.

முதலில் தாளக் கட்டத்தை, அதாவது பாட்டின் ஒவ்வோர் அடியும் எங்கே விழுகிறது என்று மென்பொருள் போட்டுவைக்கும் கோடுகளை, சரி செய்ய வேண்டும். நம் குத்துப் பாடல்களில் பெரும்பகுதி திஸ்ர நடையில் ஓடுபவை. தவில் கேட்டு வளர்ந்த எவருக்கும் ‘தகிட தகிட’ என்ற அந்த ஓட்டம் சொல்லாமலே பிடிபடும், மென்பொருளுக்குப் பிடிபடுவதில்லை. நிமிடத்துக்கு 120 அடி விழும் ஒரு திஸ்ர நடைப் பாட்டில், அடிக்கு மூன்று சிறு தட்டுகளாக நிமிடத்துக்கு 360 தட்டுகள் இருக்கின்றன. மென்பொருள் அவற்றை இரண்டிரண்டாகக் கூட்டிவிட்டால் வேகம் 180 என்று திரையில் வரும். நான்கு நான்காகக் கூட்டிவிட்டால் 90 என்று வரும். அந்தத் தவறான எண்ணை நம்பி, இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாக இணைக்கும் ஸிங்க் பொத்தானை அழுத்தினால் இரண்டு பாட்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும். ஆகவே ஒவ்வொரு குத்துப் பாட்டையும் ஓடவிட்டு, அடி விழும் இடத்தில், தட்டுவதை வைத்து வேகத்தை அளக்கும் ‘டேப்’ (tap) பொத்தானைத் தட்டி உண்மையான வேகத்தைக் கண்டுபிடித்து, தாளச் சுற்றின் முதல் அடி எங்கே விழுகிறதோ அங்கே கட்டத்தின் தொடக்கத்தைக் கையால் நகர்த்தி வைத்துச் சேமிக்க வேண்டும். ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ, விர்ச்சுவல் டிஜே ஆகிய டிஜே மென்பொருள்கள் மூன்றிலும் இந்த வசதி உண்டு.

அந்த 90 என்ற எண்ணுக்கும் ஒரு பயன் இருக்கிறது. 120 வேகத் திஸ்ரப் பாட்டிலிருந்து, அடிக்கு நான்கு சிறு தட்டுகள் உள்ள 90 வேகச் சதுஸ்ரப் பாட்டுக்குப் போக விரும்பினால், சிறு தட்டுகள் இரண்டிலும் நிமிடத்துக்கு 360 என்று ஒன்றாகவே இருப்பதால் இரண்டும் இழைந்து நிற்கும். திஸ்ர நடை ஓடும்போதே தவில்காரர் சொற்கட்டை நான்கு நான்காகப் பிரித்து வாசிப்பாரே, அதே கணக்கு. நான்கு சுற்றுகள் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டுப் பழைய பாட்டின் பாஸை மெல்லக் குறைத்தால், ஆடுபவர்கள் கால் தடுமாறாமல் அடுத்த நடைக்கு வந்துவிடுவார்கள். ஆங்கிலப் பாட்டிலிருந்து குத்துக்கு வருவதற்கும் இதையே திருப்பிச் செய்யலாம்.

எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களில் வேறொரு சிக்கல் உண்டு. இசைக்கலைஞர்கள் ஒரே கூடத்தில் அமர்ந்து சேர்ந்து வாசித்துப் பதிந்தவை என்பதால், வேகம் பாட்டு முழுவதும் ஒரே அளவில் நிற்காது. சரணத்தில் சற்றே ஏறும், பல்லவிக்குத் திரும்பும்போது இறங்கும். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன், அந்தப் பாடல்களின் உயிரே அந்த அசைவில்தான் இருக்கிறது. அவற்றுக்கு முழு நீளக் கட்டம் போட முயலாமல், மிக்ஸ் செய்யப்போகும் முதல் சில சுற்றுகளுக்கும் கடைசிச் சில சுற்றுகளுக்கும் மட்டும் சரியான கட்டம் அமைத்தால் போதும். ரெக்கார்ட்பாக்ஸில் மாறும் வேகத்தைப் பின்தொடர்ந்து கணக்கிடும் டைனமிக் முறையும் இருக்கிறது.

அடுத்தது, தொடக்கத்தை நீட்டுவது. பாட்டின் இடையிசையில் குரலும் வயலினும் இல்லாமல் தாளம் மட்டும் ஓடும் எட்டு அடியைத் தேடி எடுங்கள். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் அதை வெட்டி நான்கு முறை அடுக்கினால் 32 அடிகள் கிடைக்கும்; அதைப் பாட்டின் முன்னால் ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தில் ‘டிக்’ என்ற ஓசை கேட்டால், சில மில்லி விநாடிகளுக்கு ஒன்றை மங்கவிட்டு மற்றொன்றை ஏற்றினால் மறைந்துவிடும். மூலக் கோப்பை அழிக்காமல் வேறு பெயரில் சேமியுங்கள். பூல்கள் ‘இன்ட்ரோ எடிட்’ என்ற பெயரில் தருவது இதைத்தான். சொந்த உழைப்பில் செய்தவர் தன் பாட்டை அடி அடியாக அறிந்திருப்பார் என்பது கூடுதல் பலன். ஆனால் இப்படிச் செய்த பதிப்பை இணையத்தில் ஏற்றுவதும் விற்பதும் பதிப்புரிமை மீறல் என்பதை மறக்க வேண்டாம்.

ஒலியளவையும் சமன் செய்ய வேண்டும். இன்றைய ரீமிக்ஸ்கள் மிக உரக்கப் பதியப்படுகின்றன. பழைய பாடல்கள் அவற்றுக்குப் பல டெசிபெல் கீழே நிற்கும். பாட்டுகளின் ஒலியளவைத் தானாகச் சமன் செய்யும் மென்பொருளின் தானியங்கி கெயின் வசதியை இயக்கி வைத்தாலும், நிகழ்ச்சிக்கு முன் பழைய பாட்டு ஒன்றையும் புதிய பாட்டு ஒன்றையும் அடுத்தடுத்து ஓடவிட்டு மிக்சரின் விளக்குகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மண்டபத்தில் இணையத்தை நம்பலாமா

நம்பக் கூடாது. 256 கே.பி.பி.எஸ். ஸ்ட்ரீமிங் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 115 எம்.பி.தான் செலவழிக்கும், எந்த மொபைல் திட்டத்துக்கும் அது ஒரு சுமை இல்லை. இணைப்பு அறுபடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை. முகூர்த்த நாளில், வயல் நடுவே இருக்கும் மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே கோபுரத்தில் வீடியோ அனுப்பிக்கொண்டிருப்பார்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் மண்டபத்து வைஃபையும் போய்விடும். ஆகவே அன்றைய நிகழ்ச்சி முழுவதும் இணையமே இல்லாமல் நடக்கும்படி கோப்புகள் கணினியில் இருக்க வேண்டும். அதன் நகல் இரண்டு பென் டிரைவ்களில் இருக்க வேண்டும். சில ஸ்ட்ரீமிங் சேவைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பாட்டுகளை இணையமின்றி ஓட்டச் சேமித்துவைக்க அனுமதிக்கின்றன. அந்த வசதி உள்ள திட்டத்தையே எடுங்கள், சேமிப்பை முதல் நாள் இரவே வீட்டில் முடித்துவிடுங்கள்.

உரிமம் பற்றி

சந்தா கட்டினால் பொது நிகழ்ச்சியில் போடும் உரிமையும் சேர்ந்து வந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சந்தா என்பது பாட்டை நாம் பெறுவதற்கான கட்டணம்; பொது இடத்தில் ஒலிபரப்பும் உரிமை வேறு. பாடல் வரிக்கும் இசையமைப்புக்கும் ஐ.பி.ஆர்.எஸ்., ஒலிப்பதிவுக்கு பி.பி.எல். போன்ற அமைப்புகள் உரிமம் வழங்குகின்றன. சாதாரண ஸ்ட்ரீமிங் செயலிகளின் விதிகளோ, தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்றே சொல்கின்றன.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உண்மையான மதச் சடங்குகளின்போது பாட்டுப் போடுவதற்கு விலக்கு அளிக்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தோடு தொடர்புடைய பிற சமூகக் கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அங்கேயே விளக்கமும் தரப்பட்டிருக்கிறது. அந்த விலக்கின் எல்லை எதுவரை என்பது குறித்து நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்திருக்கின்றன. ஆனால் ஹோட்டலின் புத்தாண்டுக் கொண்டாட்டம், கட்டணம் வைத்து நடத்தும் கல்லூரி நிகழ்ச்சி, கடைத் திறப்பு விழா ஆகியவற்றுக்கு அந்த விலக்கை எதிர்பார்க்க முடியாது. அப்படிப்பட்ட வேலைக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே, உரிமம் எடுப்பது அமைப்பாளரின் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதும் நிறுத்துவதும்

வெளிநாட்டுச் சேவைகளுக்கு டாலரிலோ பவுண்டிலோ கட்ட வேண்டியிருக்கும். கார்டில் பன்னாட்டுப் பரிவர்த்தனை இயக்கப்பட்டிருக்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள விலைக்கு மேல் வங்கியின் நாணய மாற்றுக் கட்டணமும் வரியும் சேரும். 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தானாகப் பிடிக்கும் தொகைக்கு முன்அனுமதி பதிய வேண்டும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரும். இந்தப் பதிவு சரியாக அமையாததால் புதுப்பிப்பு தோல்வியடைந்து, நிகழ்ச்சி நாளன்று கணக்கு பூட்டப்பட்டிருப்பதும் நடக்கும். முகூர்த்தங்கள் நெருக்கமாக உள்ள மாதங்களில் புதுப்பிப்புத் தேதியைக் குறித்து வைத்து முதல் நாளே சரிபார்ப்பது அவசியம்.

ஆண்டுச் சந்தா மலிவு என்று சொல்லி அழைப்பார்கள். நம் வட்டாரத்துக்கு அந்தக் கணக்கு பொருந்துவது அரிது. சம்பா அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வரும் தை, மாசியிலும், பிறகு வைகாசி, ஆவணியிலும் வரவேற்புகள் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை; புரட்டாசியிலும் பல குடும்பங்கள் வைப்பதில்லை. ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் உண்டு என்றாலும், அங்கே ஓடுபவை பக்திப் பாடல்களும் நாம் ஏற்கெனவே தயாரித்து வைத்திருக்கும் குத்துப் பாடல்களும்தான். ஆகவே மாதச் சந்தாவே நமக்கு ஏற்றது. ஆனி கடைசி வாரத்தில் அந்தப் பருவத்தில் கேட்கப்பட்டு நம்மிடம் இல்லாமல் போன பாட்டுகளை எல்லாம் இறக்கிவிட்டு, சந்தாவை ரத்து செய்து, வங்கிச் செயலியில் தானியங்கி அனுமதியும் நீங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்பு மீண்டும் கட்டினால், இடைப்பட்ட மாதத்தில் வெளியானவற்றை இறக்கித் தாளக் கட்டம் போட்டு முடிக்கப் போதுமான நாட்கள் கிடைக்கும்.